அரைக் கிராம்

ஹமில்டன், பார்ட்டன் தெரு. இரவு இரண்டே கால்.
ஏரிக் காற்று ஷட்டரை உலுக்க
தராசின் கடைசி இலக்கம் நடுங்குகிறது.
மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.
ஒரு கிலோ அலுமினாவுக்கு
அரைக் கிராம் மக்னீசியா.
கையுறை நுனியில் ஒட்டினால் போயிற்று.

போன செவ்வாய் அதைப் போட மறந்தேன்.
மறந்தேன் என்று எழுதவில்லை.
பதிவேட்டில் எழுதியது: வழக்கம்போல்.

ஹைட்ரஜன் உலை, ஆயிரத்து எண்ணூறு பாகை.
அலுமினா அங்கேயும் உருகாது.
துகளும் துகளும் தொட்ட இடத்தில்
கழுத்து முளைத்து ஒட்டிக்கொள்ளும்.
பேராசையும் அங்கேதான் முளைக்கிறது.
பருத்த மணி பக்கத்து மணியை விழுங்க
எல்லைக்கோடு ஓடுகிறது,
ஓடுகிற அவசரத்தில்
தன்மேல் ஒட்டியிருந்த வெற்றிடத்தை
நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிறது.
பிறகு அதற்கு வெளியேற வழியில்லை.
கல்லுக்குள் குமிழி, கல் உள்ளவரை.

முப்பத்தாறு குழாய்கள்
பல்லைப்போல் வெளுத்து வந்தன.
டிராகனா ஒன்றை அறுத்து, தேய்த்து,
நுண்ணோக்கியில் வைத்தாள்.
திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"கீரன், இது நீயா?"

ஆமென்றேன்.
அவள் கத்தவில்லை.
தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க
இரண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இந்த அரைக் கிராம் எதையும் ஒட்டவைப்பதில்லை.
எல்லையில் இருந்துகொண்டு
எல்லையைத் தாமதப்படுத்துகிறது,
வெற்றிடம் நடந்து வெளியேறும்வரை.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
கூடிப்போனாலோ
தனக்கென்று மூலை பிடித்துக் குடியேறி
வெளிச்சத்தை மறிக்கும்.
பெட்டியின் மேல் 'அலுமினா 99.9' என்றுதான் அச்சிடுகிறோம்.
ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை,
உப்புக்குச் சப்பாணி.

நேற்று வந்த குழாயின் உடைந்த சில்லை
பேருந்து அட்டவணைமேல் வைத்தேன்.
பால் கலந்த வெளிச்சத்தில்
5.42 என்று தெரிந்தது.
என் வண்டி அது.
சில்லை எடுக்காமல் கொஞ்சநேரம் பார்த்திருந்தேன்,
வண்டியைத் தவறவிட்டேன்.

காற்று ஓய்கிறது. இலக்கம் நிற்கிறது: 0.5003.
கொட்டி, தாளையும் தட்டி,
உருளை ஆலையை முடுக்குகிறேன்.
அது கடகடக்க,
பதிவேட்டில் ஒரு பக்கம் பின்னால் திருப்பி
வழக்கம்போலை அடித்துவிட்டு
மேலே எழுதுகிறேன்:
போடவில்லை.