மூப்பர் கோயில் ஏலம்

பிரஸ்பிட்டேரியன் என்று
வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது.
வெட்டியவருக்கே ஒரு புள்ளி தவறிவிட்டது.
நாக்கு புரளாத ஊர்
மூப்பர் கோயில் என்றது.
சீலாந்திவிளையில் பஸ் நிற்கையில்
கண்டக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார்:
மூப்பர் கோயிலெல்லாம் இறங்கு.

என்னை மூப்பராய்த் தெரிந்தெடுத்த வருஷம்
கமிட்டி இரண்டு மணிநேரம் பேசியது,
பெண்ணுக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று.
முடிவு எட்டவில்லை.
கணக்குப் புத்தகத்தைக் கையில் தந்துவிட்டார்கள்.

பழைய புத்தகம் கொல்லம் ஆண்டில் தொடங்குகிறது.
ஆயிரத்து எண்பத்தாறு, இடவ மாசம்.
பிடியரிசி நாலு நாழி.
கோழிமுட்டை மூன்று, விற்ற வகையில் சக்கரம் ஒன்று.
அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்
சாய்ந்த எழுத்தில்:
பனையேறி யாக்கோபு, பணமில்லை,
ஒரு நாள் மண் சுமந்தான்.
அந்த ஒரு நாள் எந்தச் சுவரில் இருக்கிறதென்று
பிரசங்கம் நீளும் ஞாயிறுகளில்
தேடிப் பார்ப்பதுண்டு.

கோபுரம் ஒன்றா இரண்டா என்று சண்டை வந்து
முப்பத்தேழு குடும்பம் சானலுக்கு அக்கரை போனது.
அங்கே தகரக் கொட்டகை, தனி மணி.
காலை ஏழரைக்கு இரண்டும் சேர்ந்தடிக்க
நாய்களுக்குக் குழப்பம்.
இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.
கோபுரம் ஒன்றுகூடக் கட்டவில்லை,
இக்கரையிலும் அக்கரையிலும்.

போனவர்கள்
பாய், ஆர்மோனியம், பாதிப் பாத்திரம்
எல்லாம் கேட்டு வாங்கிப் போனார்கள்.
கல்லறைகளை யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகையில்
மழை விட்டு விட்டுப் பெய்தது.
தபசிமுத்து ஏலம் கூப்பிட,
ஒரே முட்டையை ஏழு பேர் எடுத்து
ஏழு பேரும் கோயிலுக்கே திருப்பிக் கொடுக்க
ஆயிரத்து நானூற்று அறுபது.
எட்டாவது ஆள் கையில் உடைந்தது.
அவரிடமும் வாங்கி வரவு வைத்தேன்.

பிறகு சக்கை.
கல்லறைத் தோட்டத்து வருக்கைப் பிலாவின்
முதல் காய்ப்பு, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.
ஐநூறு, என்றது கேட்டுக்கு வெளியே ஒரு குரல்.
றசலையன். அக்கரை.
பைக்கை விட்டு இறங்காமல், ஹெல்மெட் கழற்றாமல்.
அவன் அப்பா அந்தப் பிலாவின் வேர்ப்பக்கம் கிடக்கிறார்,
பிரிவதற்கு நாலு மாசம் முன் அடக்கினது.

காண்ட்ராக்டர் செல்லசுவாமி ஆயிரம் என்றார்.
இரண்டாயிரம், கேட்டிலிருந்து.
விடப்படாது, என்று பின்பெஞ்சில் யாரோ.
மூவாயிரம் தாண்டியதும்
சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.
நாலாயிரத்து நூறு, என்றான்
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.
இருநூறு, என்றார் செல்லசுவாமி.
ஒருதரம்.
அவன் சட்டைப் பையைத் தடவினான்.
ரெண்டுதரம்.
தபசிமுத்து வழக்கத்துக்கு மாறாக
மூச்சு வாங்கி நின்றார்,
தொண்டையைச் செருமினார்,
நனைந்த துண்டைப் பிழிந்தார்.
அப்புறம்தான் மூன்றாம் தரம்.

பைக் கிளம்ப மூன்று உதை வேண்டியிருந்தது.
அந்த மூன்று உதைக்கும்
கோயில் முற்றத்தில் யாரும் பேசவில்லை.

சக்கை அசன விருந்தோடு தீர்ந்தது.
செல்லசுவாமி பணம் இன்னும் பாக்கி.

எடுத்தவர் பெயர், தொகை, பாக்கி,
புத்தகத்தில் மூன்றே கட்டம்.
கேட்டுத் தோற்றவருக்கு இடமில்லை.
இரவு எல்லாரும் போனபின்
ஓரத்தில், பென்சிலால் எழுதினேன்:
றசலையன்,
நாலாயிரத்து நூறு வரை வந்தான்.