முந்திப் போன வண்டி

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள் தர்மிகா.
எனக்கு பஸ் ஓட்டப் பழக்குகிறாள்.

போர்ட்டேஜ் அவென்யூ நிறுத்தத்துக்கு
மூன்று நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டேன்.
பாராட்டுவாள் என்றிருந்தேன்.
'பிரேக்கைப் போடுங்கோ அண்ணை.
பிந்தினால் மன்னிப்புக் கேக்கலாம்.
முந்திப் போனால்
ஓடி வாற சனம் பனிக்குள்ள நிக்கும்.
ஆரிட்டக் கேப்பியள்?'

இன்ஜின் உறும, சும்மா இருந்தோம்.
கோவையில் பதினொரு வருடம் கணக்கு வாத்தியார் நான்.
சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்குவது
இதுதான் முதல் தடவை.

ஆறு நாற்பத்திரண்டுக்கு
இமையெல்லாம் பனி ஒட்டிய ஒரு பெண்
மூச்சிரைக்க ஏறினாள்.
நன்றி சொல்லவில்லை. அவள் பஸ், அவள் நேரம்.

ராத்திரி வீட்டில்
நாலாவது படிக்கும் இனியன் முன்னால்
ஆறாவது கணக்குப் புத்தகம்.
திறந்து வைத்தது நான்தான்.
பென்சிலின் பின்பக்கத்தை மென்றுகொண்டிருந்தான்.

'எதுவரைக்கும்டா புரிஞ்சுது?'

புத்தகத்தை மூடிவிட்டு
பள்ளி நோட்டை எடுத்தான்.
ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டினான்.
டிசம்பர் போயிற்று. நவம்பர்.
நிறுத்துவான் என்று பார்த்தேன்,
புரட்டிக்கொண்டே இருந்தான்.

அக்டோபரில்
நின்றுகொண்டிருந்தது
பாதியில் விட்ட ஒரு பின்னக் கணக்கு.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.