ஏழு நாள் காப்பு

கனகபுரம் மூன்றாம் ஒழுங்கையில்
மரியநாயகத்தாரின் மாருதி நிற்கிறது,
வேம்பின் கீழ், பின் சில்லுக்குக் கல் வைத்தபடி.
கண்ணாடியில் ஒட்டிய காப்புறுதித் தாள்
மாசியோடு செத்துவிட்டது.
வெயில் தின்றது போக
கம்பனியின் பெயர் மட்டும் மிச்சம்.

"ஓடிப் பார்க்கலாமோ?"
"தாராளமாப் பாருங்கோ, பிள்ளை.
ஏறி இருந்து பாருங்கோ, ஹோர்ன் அடிச்சுப் பாருங்கோ.
ஓடுறதெண்டா இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டு வாங்கோ."

போன மாதம் ஒருவர் ஓடிப் பார்க்கக் கொண்டுபோய்
உருத்திரபுரம் றோட்டில் ஒரு நாம்பனில் மோதினாராம்.
திரும்பி வந்து, பிரேக் சரியில்லை, வேண்டாம் என்று
சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாராம்.
நாம்பனுக்குக் காசு கட்டியவர்
இப்போது என் முகத்தில்
அந்த மாட்டைத் தேடுகிறார்.

பேக்கரிக்கு மேல்மாடியில் காப்புறுதிக் கந்தோர்.
பணிஸ் வேகும் வாசம் படிவங்களிலும் ஏறியிருக்கிறது.
"உங்கட காரா அக்கா?"
"இல்லை."
"வாங்கப் போறீங்களோ?"
"ஓடிப் பார்த்தாத்தான் தெரியும்."
"அப்ப ஓடிப் பாருங்கோவன்."
"காப்புறுதி இல்லாமல் தரமாட்டாராம்."
கீர்த்திகன் பேனையை மூடித் திறந்தான்.
சொந்தமில்லாத ஒன்றுக்காகப் பயப்படுகிறவளுக்கு
அவனிடம் படிவம் இல்லை.
வவுனியாவுக்கு அடித்துக் கேட்டான்.
ஏழு நாளைக்குத் தரலாமாம், மூன்றாம் தரப்புக்கு மட்டும்.
உரிமையாளரின் ஒப்பம் வேண்டுமாம், புத்தகத்தின் பிரதியும்.

ஒப்பத்துக்கு ஒரு தரம், பிரதிக்கு ஒரு தரம்
சைக்கிளில் கனகபுரம் போய் வந்தேன்.

மூன்றாம் தரப்பு என்றால் ஆர் தம்பி?
"நீங்களும் இல்லை, நாங்களும் இல்லை அக்கா.
றோட்டில நிக்கிற ஆக்கள்."
அந்தத் தரப்பை எனக்குத் தெரியும்.
நெடுங்காலம் அதில் இருந்திருக்கிறேன்.

பதினோராவது கேள்வி:
முன்னர் வைத்திருந்த வாகனம் எவ்வாறு கைவிட்டுப் போனது?
விற்பனை, களவு, முழுச்சேதம்.
பொருந்தாததை வெட்டிவிடுக.

ஒரு லான்ட்மாஸ்ரர்.
பெட்டியில் தையல் மெசினும் அரை மூட்டை நெல்லும்.
வலைஞர்மடத்து மணலில் சில்லுப் புதைந்து நின்றது.
சாவியை அதிலேயே விட்டு இறங்கினோம்,
ஓட்டத் தெரிந்தவன் ஆராவது ஓட்டட்டும் என்று.

மூன்றையும் வெட்டினேன்.

"ஒண்டையாவது விடவேணும் அக்கா.
விற்பனை இருக்கட்டும், கரைச்சல் இல்லை."
வேறு படிவம் தந்தான். விற்றதாக விட்டேன்.
என்ன விலைக்கு என்று எழுத அதில் இடமில்லை.

எண்ணிக் கொடுத்தது
காப்பு இரண்டையும் அடகு வைத்த காசு.
அதற்குக் கிடைத்ததும் ஒரு காப்புத்தான்.
கையில் போட முடியாது,
நாலாய் மடித்து வைக்கலாம்.

பின்னேரம் நாலரை.
பக்கத்து சீற்றில் மரியநாயகத்தார்,
ஹான்ட்பிரேக்கில் கை வைத்தபடி.
இரண்டாம் கியர் கத்துகிறது.
ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது,
பட்டிக்குத் திரும்ப நினைக்கும் மாட்டைப்போல.
மாடு என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரணைமடுச் சந்தியில் பொலிஸ் மறித்தது.
மடித்த தாளை விரித்து நீட்டினேன்.
இந்த றோட்டில், ஒரு சோதனையில்,
இவ்வளவு முதுகு நிமிர்த்தி நான் இருந்ததில்லை.
அவன் திகதியை மட்டும் வாசித்தான்.
"ஹரி, யன்ன."

"ஒன்பது லட்சம், பிள்ளை."
"எட்டு எண்டா வாங்குவன்."
அவர் பதில் சொல்லாமல்
பம்பரைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார்.

கார் அவருடையதுதான்.
ஆனால் வருகிற புதன் நடுச்சாமம் வரை
அதைக்கொண்டு நான் ஆரை மோதினாலும்
ஒரு கம்பனி பொறுப்பு.

சைக்கிளுக்கு அது செல்லாது.
இருட்டுகிறது. டைனமோ மங்கல்.
றோட்டில் நிற்கிற ஆட்களுக்கு
மணி அடித்தபடி போகிறேன்.