பதினோரு விநாடி

மண்டபத்தில் கச்சான் எழும்பிய வாரம்.
தகரக் கூரைக்குக் கீழே நான்கு எஸ்எஸ்டி, ஒரு கன்ட்ரோலர்,
கவிழ்த்த மீன்பெட்டி மேல் யூபிஎஸ்.
கடற்புல்லுக்குள் கிடக்கிற பதினாறு காதும் நாலு கண்ணும்
அள்ளுவதையெல்லாம் இங்கேதான் கொட்டுகின்றன.

இரவு இரண்டு நாற்பதுக்கு
ஆவுளியா ஒன்று குரல் கொடுத்தது.
சின்னக் கீச்சு. குருவியென்று ஏமாறலாம்.
இரண்டாவது கீச்சின் பாதியில்
எழுத்து நின்றுபோனது.
பதினோரு விநாடி.
பிறகு இறால்கள் வெடிக்கும் பழைய சத்தம்,
காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி.

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது: நொடிக்கு ஐந்நூறு.
நாலு ஐந்நூறு இரண்டாயிரம், எனக்கு அறுநூறு போதும்
என்று மனக்கணக்குப் போட்டவள் நான்தான்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது
முதல் நாற்பது நிமிடம்.

கீழக்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள் ரிஃபாயா.
பையைக்கூட இறக்கவில்லை.
"எவ்வளவு காலியா விட்டிருக்கே?"

காசு கொடுத்து வாங்கிய இடம்.
விளிம்புவரை நிரப்பியிருந்தேன்.

"அப்ப அது எங்கே திரும்பிப் படுக்கும்?"

பழைய எழுத்தின் மேல் புது எழுத்து ஒட்டாது அதற்கு.
ஒரு வரியைத் திருத்த
பக்கத்தையே பெயர்த்து வேறிடம் வைக்க வேண்டும்.
வேறிடம் இல்லாத இரவில்
ஆவுளியா கூப்பிட்டிருக்கிறது.

நான் அழித்தது அழிந்ததாக
டிரைவுக்கு யாரும் சொல்லவில்லை.
ட்ரிம் என்கிற அந்த ஒரு சொல்லை
கன்ட்ரோலர் வாசலிலேயே நிறுத்திவிட்டது.
போன மாசி மாதத்து அலைகளை,
வேண்டாமென்று நான் எறிந்த அலைகளை,
அது இன்னும் தோளில் போட்டுக்கொண்டு
மூலைக்கு மூலை மாற்றி வைத்தபடி இருந்திருக்கிறது.

பாரிட்டி வேறு.
துணுக்கு ஒன்று எழுத
இரண்டு வாசிப்பு, இரண்டு எழுத்து.
ரெய்டு ஐந்தை விட்டுப் பத்துக்குப் போனோம்.
பாதி இடம் போயிற்று.
அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில்
"இழப்பு" என்று போட்டு, அடித்து,
"விலை" என்று போட்டேன்.

கன்ட்ரோலரின் பேட்டரியைக் கழற்றிக் காட்டினாள்.
உப்புக்காற்றில் முனை பச்சை பூத்து
வயிறு ஊதிக் கிடந்தது.
அது செத்த நாளிலிருந்து
கன்ட்ரோலர் எதையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை,
ஒவ்வொன்றும் தரை தொட்ட பிறகுதான் "சரி" சொல்லியிருக்கிறது.
நாலு மாதம்.
நான் டிரைவுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கும் ஒரே கடை, ஒரே நாள், அடுத்தடுத்த எண்.
"ஒண்ணாத் தேஞ்சா ஒண்ணாப் போகும்."
இணைக்கு ஒன்றாக இரண்டைக் கழற்றிவிட்டு
ராமநாதபுரத்தில் வேறு கம்பெனி வாங்கினோம்.
அதில் ஒன்று கொஞ்சம் மந்தம்.
இரட்டை மடி இழுக்கிற படகுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்,
எது பின்தங்குகிறதோ
அதன் வேகம்தான் வலையின் வேகம்.

எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தோம்.
ஐந்தில் ஒரு பங்கைப் பெயரே வைக்காமல் விட்டோம்.
கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே
மேசை மின்விசிறி ஒன்று, இரவும் பகலும்.

அன்று ராத்திரி நொடிக்கு எழுநூறு.
இரண்டாயிரம் இல்லை.
ஆனால் விடியும்வரைக்கும் எழுநூறு,
திரையில் கோடு
காற்றில்லாத காலைப் பாக்கு நீரிணைபோல் கிடந்தது.

அந்தப் பதினோரு விநாடியில்
பூஜ்யத்தைப் போட்டு அடைத்துவிடலாமா என்றாள் ரிஃபாயா,
கோப்பு ஒழுங்காக இருக்கும்.
வேண்டாமென்றேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை,
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

இப்போதும் இரண்டு நாற்பதுக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
விளக்குப் போடாமல் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன்.
எழுநூறு. எழுநூறு. அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இறால்கள் வெடிக்கின்றன.
தூரத்தில் யாரோ வத்தையின் நங்கூரத்தைத் தூக்குகிறார்கள்,
சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகக் கேட்கிறது.