மழைக் கணக்கு

ஊசிமலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில்
பதினேழு வருஷம் வெந்நீர் தூக்கிய
இருளப்பன் எழுதுகிறேன்.
தொரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
நாற்பத்திரண்டு வயதிலும் நான் 'பாய்'.

ராஜ்யம் எண்ணூறு ஏக்கர்.
மூன்று மலை, ஒரு ஸ்டோர், பதினொரு லயம்,
பொகவந்தலாவைக்கு இறங்கும் ஒற்றை றோட்டு.
சூரியன்கூட அங்கே
பிரட்டுத் தப்பு கேட்டுத்தான் எழும்பும்.

முகத்தை அதிகம் பார்த்ததில்லை. முதுகு தெரியும்.
இடது தோளில் காசளவு மச்சம்.
தொட்டியில் இறங்கினால் முனகும் ஒரு பாட்டு.
சூடு குறைந்தால் பாட்டு நிற்கும்,
பாட்டு நின்றால் நான் ஓடுவேன்.

ஒரு ராத்திரி, நல்ல சந்தோஷத்தில், சொன்னார்:
டெல்லியில் ஒரு பாதுஷாவுக்குச் செம்பு தூக்கியவன்
ராஜா போனபிறகு அவர் கதையை எழுதிவைத்தானாம்.
"நீ என்னைப் பற்றி என்ன எழுதுவாய், பாய்?"
"நல்லது மட்டும், தொரை."
துவாயை நீட்டினேன்.

நல்லது:
என் மகளுக்கு வலிப்புக் கண்ட ராத்திரி
தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்.
சீட்டெல்லாம் வாந்தி. ஒரு சொல் சொல்லவில்லை.
இதை மறைத்தால் மற்றதை எழுதக் கை வராது.

மற்றது:
காலை ஆறு மணிக்குப் புல்வெளிச் செம்புக் குழாயைத் தூக்கி
மழையை அளந்து
நீலக் கொப்பியில் பதிவதும் என் வேலை.
அங்குலம், புள்ளி.

அரைப்பேர் போட்டதைக் கேட்க
கேட்டடிக்கு வந்தார்கள் இருபது பேர்.
முன்னால் செவத்தியான், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி.
மானம் துடைத்த பீங்கான்.
அவன் சட்டையில் பித்தான் இல்லாத இடம்வரை
விறாந்தையிலிருந்து எனக்குத் தெரிந்தது.
எனக்கு ஓரடி முன்னால் நின்ற தொரைக்கும்.

வெடித்தபின் கொப்பியைக் கேட்டார்.
தன் பேனையைத் தந்தார்.
"ஒன்று, நாற்பது."
எழுதினேன்.

கோட்டில் சொன்னார்: கண் தெரியாத மழை,
மரக்கறிப் பாத்தியில் பன்றி என்று நினைத்தேன்.
என்னிடம் கேட்டது ஒரே கேள்வி:
இது உன் கையெழுத்தா?
ஆமாம் என்றேன். அது உண்மை.

அந்த ராத்திரியும் அவர் குளித்தார்.
பாட்டு நிற்கவில்லை.
தண்ணீர் அவ்வளவு சரியான சூடு.

கப்பலேறிப் போனார். தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது.
தொட்டியில் இப்போது கிளாக்கர் வீட்டு மாடு குடிக்கிறது.
போன மாதம் பேராதனையிலிருந்து இரண்டு பெடியன்கள் வந்து
பழைய மழையெல்லாம் பிரதி எடுத்தார்கள்.
அருமையான கையெழுத்து ஐயா என்றார்கள்.
எங்கள் மலையின் மாசிச் சராசரியில்
அந்த ஒன்று நாற்பதும் இனி பெய்துகொண்டிருக்கும்.

கொப்பியில் மிச்சம் ஆறு தாள். அதில்தான் இது.

பெப்ரவரி பத்தொன்பது.
மழை இல்லை.
நிலா இருந்தது.