அரை மணித்தியாலம்

உவர்மலை மேட்டுக்குக் குழாய்த் தண்ணி ஏறுவது
விடிய நாலரைக்கு.
ஐந்தே காலுக்கு ஒரு இருமல் இருமிவிட்டுப்
போய்விடும்.

நித்திரையை விற்றுத் தாங்கி நிரப்ப ஏலாதென்று
ஒரு சின்னப் போர்ட், ஒரு ரிலே.
மகளின் பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள்
மோட்டருக்கு ஒரு மூளை வைத்தேன்.

முதல் கிழமை தாங்கி அரைவாசி.
உப்புக்காற்று என்றேன். கால்களில் பச்சைக் கறள்.
சுரண்டி நகப்பூச்சுப் பூசினேன்,
தர்மிளாவின் விலைகூடிய சிவப்பில்.
அதற்கடுத்த கிழமையும் அரைவாசி.
மான் என்றேன். மதிலால் எட்டி வயரைச் சப்பியிருக்கும்.
மானோ முருங்கை இலை வாயோடு
வாக்குமூலம் கொடுக்க வந்ததுபோல நின்றது.

கின்னியா நஸ்மீர் தந்த புது ரிலேயிலும் அதே டிக்.
"ஒண்ட வயர்ல பிழையில்ல மச்சான்,
நீ எழுதினதுல பாரு."

பார்த்தேன்.
கிறீனிச்சிலிருந்து நாங்கள் ஐந்தரை மணி தள்ளி.
நான் அதை ஊற்றிவைத்த பாத்திரமோ
முழு எண்களுக்கு மட்டுமானது.
ஐந்தை வைத்துக்கொண்டு
அரையை விழுங்கியிருக்கிறது.
எச்சரிக்கையுமில்லை, ஏப்பமுமில்லை.

ஆறு கிழமையாய்
என் வீட்டு மோட்டர் மட்டும்
மாலைதீவில் குடியிருந்திருக்கிறது.

திருத்தவில்லை. களைப்பு.
நாலரை இருந்த இடத்தில் நாலு என்று போட்டேன்.
பிழையும் பிழையும் கைகுலுக்க
தாங்கி வழிந்தது.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
இது பிழை. ஆனால் சரி. தொடாதே.

தைப்பொங்கலுக்கு வந்த மச்சான் அபிரூபன்
கொழும்பில் சம்பளத்துக்கு நிரல் எழுதுபவன்.
தேத்தண்ணி ஆறமுன்
ஐந்தை ஐந்தரையாக்கிவிட்டு
வடை எடுத்தான்.
குறிப்பை வாசிக்கவில்லை.
குறிப்புகளை ஒருவரும் வாசிப்பதில்லை என்று
எனக்குச் சொன்னதே அவன்தான்.

அடுத்தநாள் நாலு மணிக்கு,
மெய்யான நாலு மணிக்கு,
வெறுங்குழாயில் வாய்வைத்து
அரை மணித்தியாலம் காற்றைக் குடித்தது மோட்டர்.
எரிந்த வார்னிஷ் மணம்
நுளம்பு வலைக்குள்ளும் வந்தது.
எந்த அரையை விழுங்கியதோ
அதே அரை.

புது மோட்டர் முப்பத்தோராயிரம்.
இப்போது நாலரைக்கு அலாரம் அடிக்க
நானே எழும்பிப்போய்
விரலால் ஆளியைப் போடுகிறேன்.
மதிலுக்கு அங்கால் மான்,
அதுவும் தண்ணி பார்த்துக்கொண்டு.

பெட்டி இன்னும் சுவரில்தான்.
நேரம் மிகச் சரியாகக் காட்டுகிறது.