சோம்பேறி

துர்க்கு கப்பல் தளம். மைனஸ் பதினெட்டு.
முகமூடியை இறக்குமுன் அவுலிக்கி
சிலிண்டர் வால்வைத் திறக்கிறாள்.
ஸ்ஸ்.

ஆர்கான்.
கிரேக்கத்தில் சோம்பேறி என்று பொருள்.
வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரான்;
ஒன்பதாவதற்கு இடமில்லை,
ஒன்றைத் தள்ளிவிட மனமில்லை.
யாரோடும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

ஆக்சிஜன் அப்படியா?
இரண்டு குறைகிறது அதற்கு.
உருகிய டைட்டானியத்தைக் கண்டால்
பந்திக்கு முந்தும்.

போன செவ்வாய் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்.
ஒரே வீச்சுக் காற்று.
நான்கு மணி நேர வேலை
மயில்கழுத்து நீலத்தில் பல்லிளித்தது.
யூசோ ஒன்றும் பேசவில்லை,
வெட்டுச் சக்கரத்தை எடுத்து நீட்டினான்.

இன்று கதவுக்குப் பூட்டு.
உலோகம் தண்ணீராய் ஓடும் சூட்டைச் சுற்றி
சோம்பேறி சும்மா நிற்கிறது.
நிற்பதற்குத்தான் கூலி.

ஆறியதும் கையுறை கழற்றித் தடவுகிறாள்:
வெள்ளி. சுத்த வெள்ளி.
யூசோவைக் கூப்பிடுகிறாள், அவன் காபி எடுக்கப் போயிருக்கிறான்.

காவல் முடிந்த வாயு
தரையோடு தரையாக நழுவுகிறது,
மின்வில் பிய்த்த ஒன்றையும்
வழியிலேயே திரும்பப் பறித்துக்கொண்டு,
வந்த அதே
எட்டோடு.